தாயமா, ஸ்நூக்கரா? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்புகள் குறித்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்த விளையாட்டுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியதே எங்களைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால், பழைய பதிப்புகளைப் பழைய கைபேசிகளோடு ஒப்பிட்டு, 2024-இல் வந்த விதிநூலை வாங்காதவர்கள் காலாவதியான ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொருள்பட அக்கட்டுரை முடிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கோத்தகிரியில் என் வீட்டு முன்னறையில் ஏழு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தோறும் இந்த ஆட்டத்தை நடத்தி வருபவன், அதுவும் ஒரே கூட்டத்தோடு பல பதிப்புகளில் நடத்திப் பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக ஒரு சொல். இந்த ஆட்டத்தில் ஒருவர் நடத்துநராக இருந்து குகை, காடு, ஊர், அரக்கன் எல்லாவற்றையும் வாயால் வருணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்வது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். எந்தச் செயலுக்கு எந்தப் பகடை, எவ்வளவு விழ வேண்டும், பலித்தால் என்ன கிடைக்கும் என்பவைதாம் விதிநூலின் வேலை. 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு முதலில் 1,000 படிகள் வெளியிட்டபோது தொடங்கியது இது.

என் கைக்கு இது வந்தது, புதிதாக ஆடுபவர்களுக்கான அடிப்படை விதிகள் அடங்கிய 1983-ஆம் ஆண்டுச் சிவப்புப் பெட்டியின் வடிவில். உறைவிடப் பள்ளி ஒன்றில் நூலகராக இருந்தபோது, படிப்பை முடித்து ஊர் திரும்பிய மாணவன் ஒருவன், 'சார், இதை லைப்ரரியில வெச்சுக்கோங்க' என்று கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஆடுபவருக்கு 64 பக்கப் புத்தகம் ஒன்று, நடத்துநருக்கு 48 பக்கப் புத்தகம் ஒன்று, எண்களுக்கு நிறம் பூசப்படாத பகடைகள், அந்த எண்களில் தேய்த்து நிரப்ப ஒரு மெழுகு வண்ணக்குச்சி. இருபது முகப் பகடையின் பள்ளங்களில் அந்த மாணவன் தேய்த்த வெள்ளை மெழுகு இன்னமும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 6-க்கும் 9-க்கும் கீழே அவன் குண்டூசியால் கீறிய கோடு இல்லாவிட்டால் எங்கள் மேசையில் தினம் ஒரு சண்டை நடந்திருக்கும்.

கைபேசி ஒப்புமைக்கு வருகிறேன். ஸ்நூக்கர் விளையாட்டின் விதிகள் 1882-இல் எங்கள் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டவை என்பதை நீலகிரிக்காரர்கள் பெருமையோடு சொல்வோம். ஸ்நூக்கரில் இருவர் மோதுகிறார்கள். ஒருவர் வெல்ல, மற்றவர் தோற்க வேண்டும். ஆகையால் ஊட்டியில் ஆடினாலும் இங்கிலாந்தில் ஆடினாலும் ஒரே விதி இருந்தாக வேண்டும், விதி திருத்தப்பட்டால் பழையது அன்றே செல்லாமல் போக வேண்டும். தாயம் அப்படிப்பட்டதன்று. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது வரை எல்லா ஊரும் ஒப்புக்கொள்ளும். ஒரு காயையாவது வெட்டாமல் உள்ளே ஏறக் கூடாது என்பது என் அம்மா பிறந்த ஊரில் விதி, அப்பா பிறந்த ஊரில் அப்படியொன்று கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே போட்டி நடக்காதவரை இரண்டும் தாயம்தான். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தாயத்தின் சாதி. என் மேசை வேறெந்த மேசையோடும் மோதுவதில்லை. ஆகவே புதிய பதிப்பு வந்ததால் பழையது ரத்தாகிவிடாது. எந்த விதி எந்த மாதிரி ஆட்டத்தைப் பிறப்பிக்கிறது என்று பார்ப்பதுதான் பதிப்புகளை ஒப்பிடும் முறை.

கட்டுரையாளர் 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பின் 'தாக்கோ' முறையைக் கேலி செய்திருக்கிறார். கேலிக்கு அது தகுதியானதுதான் என்பதை மறுக்க மாட்டேன். அம்முறையில் கவசம் உறுதியாக ஆக, கவச எண் குறைந்துகொண்டே போகும். கவச எண் 0 உடைய எதிரியை அடிக்க இருபது முகப் பகடையில் எவ்வளவு விழ வேண்டுமோ அதுவே ஒருவரின் தாக்கோ. பாத்திரங்கள் முதல் நிலையில் தொடங்கி, அனுபவப் புள்ளி சேரச் சேர அடுத்தடுத்த நிலைக்கு ஏறும். ஐந்தாம் நிலை வீரனின் தாக்கோ 16. எதிரியின் கவச எண் 5 என்றால் 16-இலிருந்து 5-ஐக் கழித்து 11 விழ வேண்டும். எதிரியின் கவச எண் மைனஸ் 3 என்றால் கழித்தலுக்குள் கழித்தல் புகுந்து 19 ஆகிவிடும். முதல் நாள் நான் இச்சொல்லைச் சொன்னதும், 'தாக்கவா, வேண்டாமா சார்?' என்று கேட்டான் மேசையிலேயே சிறியவன். சொல் தமிழ்க் காதுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டதே தவிர, கணக்கு யார் தலையிலும் ஏறவில்லை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டது: கவசம் உறுதியாக ஆக எண் ஏறும், பகடையில் விழுந்ததோடு உன் திறனைக் கூட்டி, அந்த எண்ணை எட்டினால் அடி விழுந்தது. உள்ளே இருக்கும் கணக்கு ஏறத்தாழ அதேதான். ஆனால் கழித்தல் கூட்டலாக மாறியதும், ஏழாம் வகுப்புப் பிள்ளை காகிதம் இல்லாமல் ஆடத் தொடங்கிவிட்டது. பூட்டுத் திறக்க நூற்றுமுகப் பகடை, ஒட்டுக்கேட்க வேறொன்று, திடீர்த் தாக்குதலுக்கு அறுமுகப் பகடை என்று சிதறிக் கிடந்ததையெல்லாம் ஒரே இருபது முகப் பகடையின் கீழ்க் கொண்டுவந்ததும் அப்பதிப்புதான். 

கட்டுரை தொடாமல் விட்ட இடம், எதற்குப் பரிசு என்பது. எனக்குப் பதிப்புகளுக்கிடையே உள்ள பெரிய வேறுபாடு இதுவாகவே படுகிறது. 1983 விதிப்படி, குகையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி உண்டு. அரக்கனைக் கொல்வதற்குக் கிடைப்பது சொற்பம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளியே கிடையாது. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து யாரும் எங்கும் போக முடியாமல் கிடந்த நாள்களில், ஒரே குகையை இரண்டு பதிப்பிலும் நடத்திப் பார்த்தோம். குகையில் ஓர் அரக்கன், அவனுக்குப் பின்னால் மூட்டையில் 600 பொற்காசு, ஆடுபவர் ஐந்து பேர், ஐவரும் முதல் நிலை.

1983 விதியில் அந்த அரக்கனைக் கொன்றால் மொத்தம் 125 புள்ளி, ஆளுக்கு 25. வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 வேண்டும். எனவே கொலையால் கிடைப்பது எண்பதில் ஒரு பங்கு. பொன்னை எடுத்துவந்தால் ஆளுக்கு 120. அரக்கனின் ஓர் அடி ஒன்று முதல் பத்து வரை போகும். முதல் நிலை மந்திரவாதிக்கோ நான்கு முகப் பகடையில் விழுவதே உயிர். உயிர்ப்புள்ளி 0 ஆனால் அவ்வளவுதான், புதுத் தாளை எடுத்துப் புதுப் பாத்திரம் எழுத வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் முக்கால் மணி நேரம் குகை வாசலைத் தாண்டவே இல்லை. பச்சைத் தேயிலை கொடுத்து வாழும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, எங்கள் மேசையில் எப்போதும் கடைசியாகப் பேசுபவள், 'சார், ஈரத் தைல மரத்து இலையைப் போட்டு வாசல்ல புகை போட்டா? தேன் எடுக்கிறவங்க அப்படித்தானே தேனீயை விரட்டுவாங்க' என்றாள். அரக்கர்களின் மன உறுதிக்கு அந்தப் பதிப்பில் ஓர் எண் உண்டு, இவனுக்கு 10. இரண்டு அறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் ஓடிவிடுவான். புகைக்காக இரண்டைக் குறைத்து 8 ஆக்கினேன். ஐந்து பேரும் மேசைமேல் குனிந்திருக்க, 9 விழுந்தது. அரக்கன் இருமிக்கொண்டே காட்டுக்குள் ஓட, இவர்கள் மூட்டையோடு எதிர்ப்பக்கம் ஓடினார்கள். கத்தியை யாரும் உறையிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அதே குகை, 2014 விதி. அரக்கனுக்கு 450 புள்ளி, ஆளுக்கு 90. இரண்டாம் நிலைக்கு 300 போதும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு ஒரே சண்டையில் வந்துவிடும். 0-க்கு இறங்கினாலும் உடனே சாவு இல்லை. மூன்று முறை பிழைத்தால் பிழைத்தாய், மூன்று முறை தவறினால் போனாய் என்று பகடை உருட்டலாம், அதற்குள் யாராவது வந்து தூக்கிவிடுவார்கள். பிள்ளைகள் நேராக உள்ளே போனார்கள். அரக்கனின் கதாயுதத்தில் வீரன் விழுந்தான், பூசாரி அவனை எழுப்பினாள், மந்திரவாதி மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு (பாத்திரம் அல்ல, ஆடுகிற பையன்) தூக்க மந்திரத்துக்குப் பகடையை உருட்டினான், கைதட்டலும் கூச்சலுமாக எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்க்கும்படி ஆயிற்று. எதிரியை விரட்டினாலும் பிடித்தாலும் அதே புள்ளி உண்டு என்று 2014 விதியும் சொல்கிறது என்பதை நேர்மையோடு குறிப்பிட வேண்டும். மன உறுதிச் சோதனையும் நடத்துநர் கையேட்டில் விருப்ப விதியாக ஓரத்தில் இருக்கிறது. ஆனாலும் கையிலிருக்கும் பாத்திரத் தாளில் பெரும்பாலானவை சண்டைக் கருவிகள். கருவி இருந்தால் கை அதைத்தானே தேடும். இரண்டு ஞாயிறுகளில் எது நல்ல ஞாயிறு என்று கேட்டால் ஐந்து பேரும் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்.

இதனால் நான் பழைய பதிப்பின் பக்தன் என்று தங்கள் வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. 1983 பெட்டியில் முதல் நிலைத் திருடன் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு. ஏழு பூட்டில் ஒரு பூட்டைத் திறப்பவனைத் திருடன் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். இதைவிடக் கசப்பானவையும் உண்டு. 1978-ஆம் ஆண்டு வந்த, முதல் பதிப்பின் ஆடுநர் கையேட்டில் மனித ஆணின் வலிமை 18/00 (18-க்கு மேல் நூற்றுக்கு நூறு) வரை ஏறலாம், பெண்ணின் வலிமை 18/50-ஐத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். பறக்கும் பாம்புகளும் பேசும் வாள்களும் உள்ள உலகில் இந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்கு யதார்த்தம் தேவைப்பட்டிருக்கிறது. 1989-இல் இது நீங்கியது. சிவப்புப் பெட்டியிலோ குள்ளர், எல்ஃப் (மேலைக் கதைகளில் வரும் மாய இனம்) ஆகியவை இனமும் தொழிலுமாக ஒன்றே. குள்ளனாகப் பிறந்தவன் குள்ளனாகத்தான் வாழ முடியும், மந்திரம் கற்க வழியில்லை. இதை நான் விளக்கியபோது எங்கள் மேசையின் கல்லூரி மாணவி பேனாவை வைத்துவிட்டு, 'பிறப்பைப் பார்த்து வேலையா? அங்கேயும் இதுதானா சார்?' என்றாள். நான் மேற்கொண்டு விளக்கவில்லை. 2000-இல் எந்த இனமும் எந்தத் தொழிலும் செய்யலாம், எந்த நிலைக்கும் ஏறலாம் என்றானது. 2024 நூல், பிறப்பால் வந்துகொண்டிருந்த திறன் கூடுதலையும் எடுத்து, ஒருவர் வளர்ந்த சூழலோடும் செய்த வேலையோடும் சேர்த்துவிட்டது. இந்த ஒரு கோட்டில் மட்டும், கட்டுரையாளர் சொல்லும் முன்னேற்றம் உண்மையானது.

மூன்றாம் பதிப்பை நாங்கள் ஓராண்டு ஆடி நிறுத்தியதற்குக் காரணம், நடத்துநரின் வீட்டுப்பாடம். எதிரிக்கும் ஆடுபவரைப் போலவே ஒவ்வொரு திறனையும் கணக்கிட்டு எழுத வேண்டும். ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவனை உருவாக்க எனக்குச் சனிக்கிழமை மாலை முழுவதும் ஆயிற்று, ஞாயிறன்று அவன் இரண்டாவது சுற்றிலேயே செத்தான்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பைக் கட்டுரையாளர் ஒரே வரியில் 'தோல்வி' என்று தள்ளியிருப்பது அநியாயம். நடத்துநரின் சுமையை அப்பதிப்பைப் போலக் குறைத்தது எதுவுமில்லை. ஒரே அடியில் விழும் சில்லறை எதிரிகளைப் பத்துப் பதினைந்தாக இறக்கி, பெரும்படையோடு மோதுவது போன்ற பிரமிப்பை உண்டாக்கலாம். வாள்வீரனுக்கும் மந்திரவாதிக்கு நிகராக ஒவ்வொரு சுற்றிலும் செய்ய ஏதாவது இருக்கும். ஆனால் அதற்குக் கட்டம் போட்ட அட்டையும் காய்களும் வேண்டும், யார்மேல் என்ன பாதிப்பு எத்தனை சுற்றுவரை என்ற கணக்கும் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் பழைய கணக்கேட்டுத் தாளில் கட்டம் வரைந்து, காசுகளைக் காய்களாக வைத்து, மூன்று மணிக்குத் தொடங்கிய ஒரு பாலச் சண்டை ஐந்தரைக்கும் முடியவில்லை. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய இருவர் எழுந்தபோது எதிரியின் உயிர்ப்புள்ளி இன்னும் பாதி இருந்தது. அட்டையை அப்படியே அலமாரிமேல் தூக்கி வைத்தேன். மறு ஞாயிறு பார்த்தபோது என் பேரன் காசுகளை எடுத்து வர்க்கி வாங்கியிருந்தான்.

ஐந்தாம் பதிப்பின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு 'சாதகம், பாதகம்' என்று நாங்கள் தமிழில் சொல்லும் விதி. மழை, இருட்டு, மேடு, பின்புறம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டு, ஒன்று கழி என்று பழைய பதிப்புகள் பட்டியல் வைத்திருக்க, இது இரண்டு இருபது முகப் பகடைகளை உருட்டு, நிலைமை உனக்குச் சாதகமென்றால் பெரியதை எடு, பாதகமென்றால் சிறியதை எடு என்பதோடு நின்றுவிடுகிறது. 11-ஐ எட்ட வேண்டிய இடத்தில் 50 விழுக்காட்டு வாய்ப்பு சாதகத்தால் 75 ஆகும். 20 விழும் வாய்ப்பு 5-இலிருந்து 9.75-ஆக உயரும். மின்சாரம் போய் மெழுகுவத்தி ஏற்றி ஆடுகிற மாலையில் பட்டியலைப் புரட்ட யாராலும் முடியாது. இரண்டு பகடையில் எது பெரியது என்று பார்க்க முடியும்.

2024 நூலை நான் வாங்கிப் படித்தேன். 2014 நூல் 320 பக்கம், இது 384. ஆயுதங்களுக்குத் தனித்தனி உத்திகள் வந்திருக்கின்றன. பெருவாள் வீசித் தவறினாலும் கொஞ்சம் காயம் உண்டு, சில ஆயுதங்கள் எதிரியைத் தள்ளும் அல்லது வீழ்த்தும். வாள்வீரர்கள் இதை வரவேற்பார்கள். குணமாக்கும் மந்திரத்தின் வலு முதல் நிலையில் ஒரு பகடையிலிருந்து இரண்டு பகடையாகியிருக்கிறது. நல்ல நூல், அடுக்கும் தெளிவு. எனினும் அடித்தளம் 2014-இன் அடித்தளமே. பழைய சாகசங்களை இதில் ஆடலாம் என்று வெளியீட்டாளரே சொல்கிறார்கள். ஏறத்தாழ 50 டாலர் விலையுள்ள நூல் ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் ஒரு வீட்டுக்கு, அதே ஆட்டத்தின் சீர்திருத்திய நூலை இன்னொரு 50 டாலர் கொடுத்து வாங்கு, இல்லாவிட்டால் நீ பின்தங்கியவன் என்று ஒரு நாளிதழ் அறிவுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டுரையில் உரிமம் பற்றி வந்திருப்பதும் திருத்தத்துக்குரியது. இவ்விளையாட்டின் விதிகளைத் தமிழில் தர நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அது கிடைக்காது என்று எழுதியிருக்கிறார்கள். இவ்விளையாட்டை முதலில் வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-இல் வாங்கிய விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2000-இல் மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்ற முயன்று, ஆடுபவர்களின் கடும் எதிர்ப்பால் பின்வாங்கி, அதே மாத இறுதியில் 2014 பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை, ஏறத்தாழ 400 பக்கம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்துவிட்டது. அதைத் திரும்பப் பெற இயலாது. 2024 விதிகளின் தொகுப்பும் 2025-இல் அதே உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் தமிழாக்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். கடையில் விற்கும் முழு நூலும், விளையாட்டின் வணிகப் பெயரும், சில புகழ்பெற்ற அரக்கர்களும் மட்டுமே இதற்கு வெளியே. கவச எண், உயிர்ப்புள்ளி, தப்பிக்கும் வீச்சு, சாதகம் என்று சொற்களைத் தேடித் தேடி நாங்கள் இதுவரை 22 பக்கம் தமிழில் எழுதி, நகல் எடுத்து வைத்திருக்கிறோம். எங்கள் சிறியவனுக்கு ஆங்கில நூல் இப்போது தேவைப்படுவதில்லை.

எங்கள் மேசையின் இப்போதைய விதியைக் கேட்டால், பகடை 2014-இலிருந்து, பொன்னுக்குப் புள்ளியும் அரக்கரின் மன உறுதியும் 1983-இலிருந்து, பிறப்புக்குத் திறன் இல்லை என்பது 2024-இலிருந்து. கட்டுரையாளரின் கைபேசி ஒப்புமைப்படி இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

இறுதியாக, கட்டுரையோடு வந்த காலவரிசைப் பெட்டியில் நான்காம் பதிப்பு 2014 என்றும் ஐந்தாம் பதிப்பு 2024 என்றும் அச்சாகியுள்ளன. 2008, 2014 என்பனவே சரி. 2024-இல் வந்தது ஐந்தாம் பதிப்பின் திருத்திய வடிவம். அடுத்த ஞாயிறு இணைப்பில் இதையும் உரிமம் பற்றிய பத்தியையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.